பட்டியலில் உங்கள் எண் வந்த பிறகு: ஸ்தோத்திரம் சொல்லப் பழகுகிறவர்களுக்கு

குரூப் 4 பட்டியலில் உங்கள் எண் இருக்கிறது. அல்லது மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது. அல்லது பத்து வருடம் வட்டி கட்டிய வீட்டுக் கடன் போன வாரம் முடிந்தது. அம்மா அடுப்படியில் இருந்தே சொல்கிறார்: "ஞாயித்துக்கிழமை கோயில்ல ஸ்தோத்திரம் பண்ணிரணும்."

ஸ்தோத்திரம் என்றால் கர்த்தருக்கு நன்றி சொல்வது. சபைக்குப் புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். கவரில் எவ்வளவு வைப்பது, பெயர் எழுதலாமா, மைக்கைக் கையில் கொடுத்தால் என்ன பேசுவது, வீட்டில் கூட்டம் வைத்தால் யாரைக் கூப்பிடுவது? கஷ்டத்தில் எப்படி ஜெபிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. நல்ல காரியம் நடந்தால் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பரம்பரைக் கிறிஸ்தவர்கள் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள். அப்படிப் பழகியதில் பாதி தப்பு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் பாடகர் குழுவில் நிற்கிறேன். எங்களுக்கு இடம் பீடத்துக்குப் பக்கத்தில். முன்னால் வந்து சாட்சி, அதாவது தனக்குக் கர்த்தர் செய்த நன்மையை, சொல்கிறவரின் முதுகுதான் எங்களுக்குத் தெரியும்; கேட்கிறவர்களின் முகமோ முழுசாகத் தெரியும். யார் தலையசைக்கிறார், யார் பாட்டுப் புத்தகத்தை வெறுமனே புரட்டுகிறார், யார் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில்: போனைக் கீழே வையுங்கள்

செய்தி வந்த முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில் இருக்கிறவர்களைக் கூட்டி முழங்கால் போடுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் சங்கீதம் 103-இன் முதல் ஐந்து வசனங்களைச் சத்தமாக வாசித்தாலே போதும். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." அது ஊரைப் பார்த்துச் சொன்ன சொல் இல்லை, தன் ஆத்துமாவைப் பார்த்துச் சொன்னது. மறந்துபோகிற ஆள் அதுதான்.

லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் வருகிறார்கள். போகிற வழியில் பத்துப் பேரும் சுத்தமாகிறார்கள், ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டதை எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். அந்த ஒன்பது பேரை நன்றிகெட்டவர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் சொல்பேச்சு மீறவில்லை. ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள் என்றுதான் இயேசு சொன்னார், போனார்கள். சுத்தமாகிவிட்டான் என்று ஆசாரியர் சொன்னால்தான் ஊருக்குள் விடுவார்கள். நம் பாஷையில் சொன்னால், சர்ட்டிபிகேட் வாங்க ஓடினார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு நாமும் ஜெராக்ஸ் கடை, சான்றிதழ் சரிபார்ப்பு, மெடிக்கல் பிட்னஸ் என்று சரியான வேலைகளுக்காகத்தான் ஓடுவோம். திரும்பி வந்தவன் அந்த ஓட்டத்தைப் பாதி வழியில் நிறுத்தினான். அவ்வளவுதான் வித்தியாசம். அவன் சமாரியன், யூதர் ஒதுக்கி வைத்த கூட்டத்து ஆள். சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

அடுத்து: ஒரு தாளில் பெயர்கள்

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். ஒரு தாளை எடுத்து, இந்த இடத்துக்கு நீங்கள் வரக் கை கொடுத்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஆசிரியர், கோச்சிங் சார் எல்லாம் தானாக வந்துவிடும். அதற்குக் கீழே தோண்டுங்கள். செயினை அடகு வைத்துப் பணம் புரட்டிய அத்தை. நீங்கள் படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா. பரீட்சை நாளில் பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர். ராத்திரி பத்து மணிக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கடைக்காரப் பையன். அவர்களில் பாதிப் பேர் கோயிலுக்கு வருகிறவர்களாகவே இருக்கமாட்டார்கள்.

ஆதியாகமம் 40-இல் பானபாத்திரக்காரரின் தலைவன் ஒருவன் சிறையில் இருக்கிறான். அவன் சொப்பனத்துக்கு அதே சிறையில் கிடக்கும் யோசேப்பு அர்த்தம் சொல்கிறான். சொன்னபடியே வேலை திரும்பக் கிடைக்கிறது. உமக்கு நன்மை உண்டாகும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்பதுதான் யோசேப்பு கேட்ட ஒரே கூலி. அந்த அதிகாரம், அவன் யோசேப்பை மறந்துவிட்டான் என்று முடிகிறது. அடுத்த அதிகாரம் இரண்டு வருஷம் சென்றபின்பு என்று தொடங்குகிறது. அந்த இரண்டு வருடமும் ஒரு மனிதன் சிறையில் கிடந்தான். ஆள் கெட்டவன் இல்லை, மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

எனக்கு வேலை கிடைத்தபோது நானும் இதே காரியத்தைச் செய்தேன். வங்கித் தேர்வில் தேறிய அடுத்த ஞாயிறு, சபையில் எழுந்து நின்று ஏழெட்டு நிமிடம் பேசினேன். "எத்தனையோ பேர் எழுதினார்கள், கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார்" என்றேன். விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து படித்தது, உபவாசம் இருந்தது, ஒன்றையும் விடவில்லை. மூன்றாவது வரிசையில் என் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே மொட்டைமாடியில் ஒரே புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள். அவனுக்கு வரவில்லை. அதற்குப்பின் ஒரு வருடம் போல அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். வேறு ஒரு வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தபோது அவனே சொன்னான்: "நீ அன்னைக்குச் சொன்னதெல்லாம் சரிதாம்ல. அந்தப் புக்கு யாருதுன்னு மட்டும் சொல்லாம விட்டுட்ட."

புத்தகம் அவனுடையது. அப்போதும் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகையால், பெயர்களை எழுதியபின் நேரில் போங்கள். பழம், ஸ்வீட் எல்லாம் உங்கள் வசதி. வெறுங்கையோடு போனாலும் தப்பில்லை. என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். "எல்லாம் உங்க ஜெபந்தான்" என்பது நம் ஊரில் குட்மார்னிங் மாதிரி ஆகிவிட்டது. "அன்னைக்கு நீங்க கொடுத்த முந்நூறு ரூபாயிலதான் சித்தி, நான் அப்ளிகேஷன் போட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சித்தி அந்த முந்நூறை மறந்தே போயிருப்பார். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் இதுதான் நாள்.

காணிக்கைக் கவர்

பெரும்பாலான சி.எஸ்.ஐ. சபைகளில் ஸ்தோத்திர காணிக்கைக்கென்று அச்சிட்ட கவர் இருக்கும். பெயரும் காரணமும் எழுத இடம் விட்டிருப்பார்கள். சில சபைகளில் ஆராதனைக்கு முன்பே சபை ஊழியரிடம் கொடுத்துவிட வேண்டும். சில இடங்களில் காணிக்கைப் பையிலேயே போடலாம். பெயர்களை வாசித்து ஜெபிப்பதும் சபைக்குச் சபை மாறும். சனிக்கிழமை சாயங்காலமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்கள் பங்கு அலுவலகத்தில் நன்றித் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் கவரை விட முன்னால் வந்து சொல்லும் சாட்சிக்குத்தான் முதலிடம்.

எவ்வளவு? இதற்கு விலைப்பட்டியல் கிடையாது. முதல் சம்பளத்தை முழுசாகக் கொடுக்கிறவர்கள் உண்டு. தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) மட்டும் எடுத்து வைக்கிறவர்களும் உண்டு. கடனில் இருக்கும் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டார் ஐயாயிரம் கொடுத்தார்கள் என்பதற்காகக் கைமாற்று வாங்கிக் கொடுப்பது ஸ்தோத்திரம் இல்லை, அது மொய். தேவாலயத்துக்காகத் தாவீது பொன்னையும் வெள்ளியையும் குவித்தபின் செய்த ஜெபம் 1 நாளாகமம் 29-இல் இருக்கிறது: "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்." அவர் வீட்டுப் பணத்தை எடுத்து அவருக்கே கொடுக்கிறோம். அதில் போட்டி போட என்ன இருக்கிறது?

பெயர் எழுதலாமா? வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற வசனத்தை வைத்துச் சிலர் "ஒரு விசுவாசி" என்று மட்டும் எழுதுவார்கள். நல்ல பழக்கம். ஆனாலும் என் கருத்து கொஞ்சம் வேறு. உங்களுக்காகச் சபை ஜெபித்திருந்தால், "மகனுடைய ஆபரேஷனுக்காக ஜெபியுங்கள்" என்று நீங்களே போன மாதம் கேட்டிருந்தால், பெயரோடு கொடுங்கள். ஜெபித்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. யாரும் ஜெபிக்கவில்லை, தொகைதான் பெரிது என்றால் பெயரை விட்டுவிடுங்கள். அந்தப் பெரிய தொகைக்குச் சபையில் ஒரு நாள் தனியாகவே உண்டு: அறுப்பின் பண்டிகை ஏலம். விசுவாசிகள் கொண்டுவந்து படைத்த வாழைத்தார், பூசணி, நாட்டுக்கோழி, வீட்டில் சுட்ட கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும். இருநூறு ரூபாய்க் கேக்கை நாலாயிரத்துக்கு எடுப்பதில் ஒரு குஷி இருக்கிறது. பணமும் சபைக்குத்தான் போகிறது. நானும் ஒருமுறை ஒரு பலாப்பழத்துக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். அதைக் காணிக்கை என்று மட்டும் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாட்சி: மூன்று நிமிடம்

இதுதான் கஷ்டமானது. டிசம்பர் 31 இரவு ஆராதனையிலோ, வீட்டு ஜெபக்கூட்டத்திலோ, கன்வென்ஷனிலோ ஒரு நாள் உங்கள் கைக்கு மைக் வந்தே தீரும்.

தயாராவதற்கு முன்னால் லூக்கா 18-இல் பரிசேயன் செய்த ஜெபத்தை வாசித்துவிடுங்கள். "தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." கடைசி வார்த்தையைப் பாருங்கள். அதுவும் ஸ்தோத்திர ஜெபந்தான்! தேவனைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறான், அவருக்குத்தான் நன்றி சொல்கிறான். சொல்கிற வார்த்தையில் பிசகு இல்லை. நன்றி சொல்வதற்கு அவனுக்குத் தூரத்தில் நிற்கிற ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) தேவைப்படுகிறான், பிசகு அங்கே. "எத்தனையோ பேர் எழுதினார்கள், கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார்" என்று நான் சொன்னதும் அதே அச்சில் வார்த்ததுதான். எழுதித் தவறிய மற்றவர்களைக் கர்த்தர் என்ன செய்தாராம்? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கும்.

நல்ல சாட்சிக்கு வேதத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. உபாகமம் 26: முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொண்டுபோகிற விவசாயி, நிலம் எத்தனை கோட்டை விளைந்தது என்று சொல்வதில்லை. என் தகப்பன் நாடோடியாக, கொஞ்சம் ஜனத்தோடு எகிப்துக்குப் போனான், அங்கே ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இங்கே கொண்டுவந்தார் என்று பழைய கதையைச் சொல்லிவிட்டு, இதோ பலன் என்று கூடையை வைக்கிறான். பத்தில் ஒன்பது பங்கு எங்கிருந்து வந்தோம் என்பது, ஒரு பங்குதான் கூடை. நாம் செய்வது இதற்கு நேர்மாறு.

அந்த மாதிரியில் ஒன்று எழுதிக் காட்டுகிறேன். வி.ஏ.ஓ. வேலை கிடைத்த ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு வி.ஏ.ஓ. வேலை கிடைச்சிருக்கு. இது மூணாவது தடவை எழுதினது. ரெண்டாவது தடவை வராதப்போ ரெண்டு மாசம் நான் கோயிலுக்கே வரல. அப்பவும் ஆண்டவர் என்னை விடல. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் வீடு தேடி வந்து ஜெபிச்சாங்க. என் ஃபிரண்டு புக்கு கொடுத்தான். இன்னும் எழுதிக்கிட்டு இருக்கிறவங்க நம்ம சபையில இருக்காங்க, அவங்களுக்காக ஜெபிப்போம். வேலையில நான் கை நீட்டாம இருக்கணும், அதுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க."

ஒரு நிமிடம் கூட ஆகாது. மற்ற இரண்டு நிமிடத்தை என்ன செய்வதென்று கவலைப்படாதீர்கள், ஐயர் சந்தோஷப்படுவார். (வெளியூர்க்காரர்களுக்கு: நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்போம். அவர் வீட்டம்மா ஐயரம்மா.)

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். தோற்ற கதை முன்னால் வருகிறது. அது சும்மா ருசிக்காக இல்லை, தோற்று உட்கார்ந்திருக்கிறவருக்கு அதுதான் பிடிமானம். மதிப்பெண், ரேங்க், சம்பளம், கார், எத்தனை சதுர அடி என்பதெல்லாம் இல்லை. "நாலு மணிக்கு எழுந்து படித்தேன்" இல்லை. உழைத்தது உண்மைதான், உழைத்தும் வராதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வேலை கிடைத்ததற்கு ஜெபம் கேட்ட சபையிடம், வேலையில் நேர்மையாக இருப்பதற்கும் ஜெபம் கேட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. அதைச் சபை நடுவில் ஒருமுறை சொல்லிவிட்டால், முதல் கவர் மேஜைக்குக் கீழே நீளும்போது நினைவுக்கு வரும்.

பேச வரவில்லை, கை நடுங்குகிறது என்றால் பேசாதீர்கள். கவர் போதும். சாட்சி சொல்லாதவனுக்கு ஆசீர்வாதம் தங்காது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அதற்காக மைக்கைப் பிடிக்க வேண்டாம்.

வீட்டில் கூட்டமும் சாப்பாடும்

வழக்கமான முறை எளிது. ஒன்றிரண்டு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஊழியர் கொடுக்கும் சின்னச் செய்தி, ஸ்தோத்திர ஜெபம், பிறகு காபியும் மிக்சரும், அல்லது சாப்பாடு. நாளையும் நேரத்தையும் ஊழியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; சேகரத்தில் (அவர் பொறுப்பில் இருக்கும் வட்டாரத்தில்) நாலைந்து கோயில் இருந்தால் அவருக்கு ஓட்டம் அதிகம்.

யாரைக் கூப்பிடுவது என்பதற்கு லேவியராகமம் 7-இல் ஒரு விதி இருக்கிறது. ஸ்தோத்திர பலியின் மாம்சத்தைப் படைத்த அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. பொருத்தனை (நேர்ச்சை) பலியென்றால் மறுநாளும் சாப்பிடலாம். இந்த இரண்டில் ஸ்தோத்திர பலிக்கு மட்டும் இந்தக் கெடு. ஒரு காளையை ஒரு வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? பத்து வீட்டாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். எனக்கு, நன்றியைப் பிரிட்ஜில் வைக்க முடியாதபடி செய்த சட்டமாகத்தான் தெரிகிறது.

இந்த விதியின்படி, பதிலுக்கு விருந்து வைக்கக்கூடியவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். லூக்கா 14-இல் இயேசு இதை நேரடியாகவே சொல்கிறார். தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் வீடுகளைக் கூப்பிடும்போது "எங்க வீட்ல ஜெபம் இருக்கு, ஏழு மணிக்கு, சாப்பாடு எட்டு மணிக்கு, எப்ப தோதோ அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சங்கடம் இருக்காது. அதே தேர்வில் தவறியவரைக் கூப்பிடலாமா? கூப்பிடுங்கள், ஆனால் நேரில் போய், தனியாக. வராவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள்.

மாதிரிக்கு, அசனத்தைப் பாருங்கள். நெல்லை, தூத்துக்குடி ஊர்களில் பிரதிஷ்டைப் பண்டிகையோடு வருகிற சபைச் சாப்பாடு அது. முந்தின ராத்திரி வெட்டவெளியில் பாய் விரித்து, ஆணும் பெண்ணுமாகக் கத்தரிக்காய் நறுக்குவார்கள். மலைபோலக் குவியும். துபாயில் இருந்து லீவில் வந்தவரும், டீக்கடை வைத்திருக்கிறவரும் ஒரே அரிவாள்மணைக்கு முறை வைத்துக் காத்திருப்பார்கள். நறுக்கியது யார் என்று குழம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. படுக்கையில் இருப்பவர்களுக்குத் தூக்குச்சட்டியில் போகும். உங்கள் வீட்டுக் கூட்டத்திலும் பந்தி முடியும் முன்பே இரண்டு தூக்குச்சட்டியை நிரப்பி எடுத்து வைத்துவிடுங்கள்; மீதியைத்தான் அனுப்பினோம் என்று ஆகக் கூடாது.

ஸ்டேட்டஸும் ஃபிளெக்ஸும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் ஷீட் போட்டோவுக்கு மேலே "தேவனுக்கே மகிமை" என்று எழுதினால், படிக்கிறவர் கண் மார்க்கைத்தான் பார்க்கும். செய்தி சொல்ல வேண்டுமென்றால் மார்க் இல்லாமல் ஒரு வரி போடுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம். "பசங்க ஆசைப்பட்டு வச்சுட்டாங்க" என்றால் அன்று சாயங்காலமே கழற்றச் சொல்லுங்கள்.

பாராட்டு வந்தால்

"நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்று ஒருவர் சொன்னதும், "ஐயோ, நான் ஒண்ணுமே இல்ல, நான் வெறும் புழு" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. கேட்டவர் பாவம், "அப்படிச் சொல்லாதீங்க" என்று இரண்டாவது தடவையும் பாராட்ட வேண்டியதாகிறது. இது தாழ்மை இல்லை, வட்டியோடு வசூல்.

யோசேப்பிடம் பார்வோன் கேட்கிறான், சொப்பனத்தைக் கேட்டால் அர்த்தம் சொல்லிவிடுவாயாமே என்று. "நான் அல்ல, தேவனே பார்வோனுக்கு மங்களமான உத்தரவு அருளிச்செய்வார்" என்பது யோசேப்பின் பதில். ஒரு வரி, அவ்வளவுதான். அதன்பின் ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்க வேண்டும், அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்று திட்டத்தை மளமளவென்று சொல்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கவில்லை. ஜெர்மானிய இசைக்கலைஞர் யோகான் செபாஸ்தியான் பாக் (1685–1750) தம் இசைத் தாள்களின் முடிவில் எஸ்.டி.ஜி. என்று மூன்று எழுத்து எழுதுவார். தேவன் ஒருவருக்கே மகிமை என்பதன் லத்தீன் சுருக்கம். அதே மனிதர் 1730-இல் லைப்சிக் நகர சபைக்கு, இந்தப் பாடகர்களை வைத்துக்கொண்டு நல்ல சங்கீதம் நடத்த முடியாது, ஆள் போதாது, பணம் போதாது என்று நீளமாக மனு எழுதினார். மகிமை தேவனுக்கு, சம்பளம் வாத்தியாருக்கு. பாடகர் குழுவில் இருப்பதால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

ஆகவே "தேங்க்ஸ், ரொம்ப சந்தோஷமா இருக்கு. எங்க சார் இல்லைன்னா நடந்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை அவர் பக்கம் திருப்புங்கள். அவர் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து

பெருமை ரிசல்ட் அன்றைக்கு வருவதில்லை. அன்றைக்கு நிஜமாகவே அழுகையும் நன்றியுமாகத்தான் இருப்போம். அது வருவது வேலை பழகியபின். உசியா ராஜா பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தான். ஐம்பத்திரண்டு வருடம் ஆண்டான். எருசலேமில் கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான், வெள்ளாண்மையில் பிரியமாயிருந்தான். தேவனைத் தேடின நாளெல்லாம் காரியம் வாய்த்தது. 2 நாளாகமம் 26, அவன் பலப்பட்டபோதுதான் மனம் மேட்டிமையானது என்கிறது. ஆசாரியர் மட்டும் செய்யவேண்டிய தூபத்தைத் தானே காட்டப் போனான். நெற்றியில் குஷ்டம் தோன்றியது. இனி எல்லா இடத்துக்கும் நான் போகலாம் என்ற நினைப்பு அவனைக் கொண்டுபோன இடம் அது.

நமக்குத் தூபகலசம் கிடையாது. கமிட்டிக் கூட்டத்தில் நம் பேச்சுதான் எடுபட வேண்டும், பண்டிகை நோட்டீசில் பெயர் மேலே வர வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே கைவைத்தியம், கோயிலில் ஆள் பார்க்காத வேலை ஒன்றை எடுத்துக்கொள்வது. அசனத்துக்கு அண்டா கழுவலாம். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் செருப்பை அடுக்கி வைக்கலாம். உத்தியோகம் பெரிதானாலும் அதை விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கடன் கேட்டு வருவார்கள், சிபாரிசு கேட்டு வருவார்கள். முடிந்ததை முடியும் என்றும், முடியாததை முடியாது என்றும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தடிப்பதுதான் மனிதர்களைச் சின்னவர்களாக்குகிறது.

கடைசியாக, மற்றவர்களுடைய நாள் வரும். ரோமர் 12-இல் பவுல் "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்கிறார். அழுவது வந்துவிடும், முதல் பாதிதான் கஷ்டம், அதைத்தான் அவர் முதலில் வைக்கிறார். அப்படிப்பட்ட நாளில் பேசாமல் உட்கார்ந்து கேட்க வேண்டியது உங்கள் முறை.

என் சிநேகிதனுக்கு அந்த நாள், நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வருடம் கழித்து, வேறொரு தேர்வில் வந்தது. அந்த டிசம்பர் 31 இரவு, பதினொன்றரை மணி இருக்கும். சாட்சி சொல்ல வந்தான். இரண்டு நிமிடம் கூடப் பேசவில்லை. அப்பாவுக்கு நன்றி சொன்னான், மூன்று தடவை தவறியதைச் சொன்னான். பிறகு, "கூடப் படிச்சவன் என் புக்கைத் திருப்பித் தந்தான். முக்கியமான இடத்துல எல்லாம் கோடு போட்டு வச்சிருந்தான், எனக்கு வேலை மிச்சம்" என்றான். சபை சிரித்தது. எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.